மெழுகில் கட்டிய பற்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

"இனிமே உன்கிட்ட பேசவே மாட்டேன்" என்று என் கிளினிக்கில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாய். பல் பிடுங்க வந்திருந்த நாலு பேரும் நான் சொல்லாமலே வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். பேச மாட்டேன் என்றுதானே சொன்னாய், படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை உன்னால் அடைக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம், நீ கியர்பாக்ஸ் பிரிக்கும் லாரி ஷெட் விலாசத்துக்கு.

முதலில் அம்மா. ஆஸ்பத்திரியில் நீ பார்த்த அளவுக்கு மோசமில்லை. இடது கையும் இடது காலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கிறது, வார்த்தை குழறுகிறது. நீ அவள் நம்பருக்குக் கூப்பிடும்போது போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். உன்மேல் கோபமில்லை, தன் குரலைக் கேட்கவே அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. "கிளட்ச்! கிளட்ச்!" என்று அதட்டியே ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த குரல் அல்லவா.

எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவள்தான் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். கைப் பயிற்சிக்கு வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அம்மா அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டாள், நல்ல கையால். இப்படியே படுத்துக் கிடந்தால் கால் விறைத்துப் போய்விடும், அப்புறம் அவளே ஆசைப்பட்டாலும் நடக்க முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். 

இனி நம் சண்டைக்குக் காரணமான அம்மாவின் கார். ஆமாம், விற்கப் பார்த்தேன். பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் வந்து ஓட்டிப் பார்க்க எடுத்தார். தெரு முனையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினாரோ இல்லையோ, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். மனிதர் சாவியை என் கையில் திணித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று நடையைக் கட்டினார். தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டோம். அந்தச் சத்தம் அம்மாவின் அறை வரைக்கும் கேட்டிருக்கிறது. நாள்கணக்கில் வாயே திறக்காதவள் என்னைக் கூப்பிட்டாள்.

"செகண்டா?"

"ஆமாம்மா."

"சரி பண்ணு. கார் வாசலுக்கு வரட்டும், நான் வாசலுக்கு வர்றேன்."

இதுதான் அவள் போட்ட நிபந்தனை. எதிர்வீட்டு மெக்கானிக், அதுதான் அந்தத் தடிமனான கண்ணாடிக்காரர், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். இரண்டாவது கியர்ச் சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது. "இந்த வண்டிக்கு இப்போ யாரும் பாகம் செய்யறதில்ல, உங்க தம்பி மாதிரி ஆளுதான் தேடிப் பிடிக்கணும்" என்கிறார். என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்கு அந்தச் சக்கரம் வேண்டும்.

அக்கா


மார்ச் 11

மதிப்பிற்குரிய பல் டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பார்ட்ஸ் புத்தகத்தில் அந்த மாடலின் இரண்டாவது கியருக்கு இருபத்தேழு பல் என்று போட்டிருக்கிறது. இங்கே பழைய ஸ்டாக் வைத்திருக்கும் கடையில் பெட்டி பிரிக்காத ஒன்று கிடைத்தது. எண்ணெய்த் தாளில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாட்டுவதற்கு முன் சுத்தமான துணியால் துடைக்கச் சொல்லவும்.

இது அம்மாவுக்காக மட்டுமே. காரைச் சரிசெய்து தாங்கள் விற்பதற்கு வசதியாக அல்ல. ஓடத் தொடங்கியதும் அந்த மனிதரை மறுபடி கூப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதை மட்டும் எழுதவும்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லவும். நான் நலம். தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


மார்ச் 20

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

தாங்களாம், அவர்களாம்! உன் மூக்கைத் துடைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவளுக்கு மனு எழுதுகிறாயா? அடுத்த கடிதத்தில் முத்திரை குத்தி அனுப்புவாய் போலிருக்கிறது. உன் மனுவை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இழுத்திருக்கும் பக்கம் அசையவில்லை, மற்றப் பக்கம் லேசாகச் சிரித்தது. அதற்காகவே நீ இன்னொரு தடவை அப்படி எழுதினாலும் பரவாயில்லை.

உன் சக்கரம் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் சேரவில்லை. கண்ணாடிக்காரர் மாட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதோடு கடித்துக்கொண்டு ஓடவேண்டிய ஜோடிச் சக்கரத்துக்கும் இதற்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. "புத்தகத்துல இருக்கறது வேற, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது வேறம்மா. ஏன்னு எனக்கும் புரியல" என்று தலையைச் சொறிந்தார்.

உடைந்த சக்கரத்தையே உனக்கு அனுப்பலாம் என்றால் அம்மா விடவில்லை. அதைக் கேட்டு வாங்கித் தன் கையிலேயே வைத்திருக்கிறாள். "குடுக்க மாட்டேன். இவ விக்கறவ. இன்னிக்கு சக்கரம் போகும், நாளைக்குக் கதவு போகும்" என்கிறாள். என் காதுபடத்தான் சொல்கிறாள், என்னையேதான் சொல்கிறாள்.

அதனால் எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். பல் செட்டுக்கு அளவெடுக்கும் மாவைக் குழைத்து, கட்டிலிலேயே ஒரு தட்டை வைத்து, அம்மா கண்ணெதிரே சக்கரத்தை அழுத்தி அளவெடுத்தேன். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த சக்கரம் இந்தப் பெட்டியில் பஞ்சுக்குள் இருக்கிறது. உடைந்த கோலத்தில் அனுப்ப மனசு வராமல் கொஞ்சம் லட்சணமாக்கி அனுப்பியிருக்கிறேன். என்னிடம் வரும் எந்த வாயையும் நான் ஓட்டையோடு திருப்பி அனுப்பியதில்லை.

விற்பாயா என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை. அம்மா முதலில் வாசலுக்கு வரட்டும்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

கியருக்குப் பல் செட் கட்டி அனுப்பிய முதல் ஆள் நீயாகத்தான் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் ஷெட்டே கூடிவிட்டது. மேஸ்திரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வண்டிக்கா, பல்லில்லாத பாட்டிக்கா?" என்று கேட்டார். ஒரு டிரைவர் நிஜமாகவே வாயைத் திறந்து காட்டி, "உங்கக்காகிட்ட எனக்கும் ஒரு செட் சொல்லுங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. வரக்கூடாது என்றுதான் பார்த்தேன்.

பல்லை எண்ணினேன். இருபத்தெட்டு. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டேன், அந்தக் கம்பெனி செய்த எந்த வண்டியிலும் இரண்டாவது கியருக்கு இருபத்தெட்டு பல் கிடையாது. வேலை முடிந்ததும் உன் பிளாஸ்டரைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைகளைச் சுற்றி வருகிறேன். கடைக்காரர்கள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

உடைந்தது இரண்டாவது கியர் என்றதும் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் தடுமாறுவது அங்கேதான். ஊரிலுள்ள எல்லாருடைய தப்பும் அந்த ஒரு சக்கரத்தின் தலையில்தான் விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆளில்லை என்று அம்மா என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டுதான் வகுப்பு நடத்துவாள். கண்ணை மூடிக்கொண்டே எந்த கியர் விழுகிறது என்று சொல்வேன். நான் இன்றைக்குச் சோறு தின்பது அந்தப் பின்சீட்டில் கற்றதை வைத்துத்தான்.

அப்படிப்பட்ட காரை விற்கப் போகிறாய் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கம்பவுண்டர். நீ சொல்லவில்லை. என்னிடம் கேட்கக்கூட வேண்டாம், சொல்லியிருக்கலாம். அது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

சொல்லாதது தப்புதான். ஆனால் நீ பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாய். நான் எங்கே உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியுமா?

கல்லூரி சேர்ந்த புதிதில் அம்மா என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். சந்தைத் தெருவில், நடுரோட்டில், இரண்டாவது கியர் விழாமல் வண்டி அணைந்து அணைந்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மற்றவர்களை அதட்டுவது போலவே என்னையும் அதட்டினாள். மற்றவர்களுக்கு அவள் டீச்சர், எனக்கு அம்மா ஆயிற்றே. கதவைத் திறந்து இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. டிரைவிங் ஸ்கூல்காரியின் மகள் இன்றைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போகிறாள்.

தினமும் காலையில் கொட்டகையைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போகவேண்டும். ஓட்டத் தெரியாதவள் வீட்டில் அது சும்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் விற்க நினைத்தேன். உனக்கு இது அற்பமாகத் தெரியலாம்.

தூரத்தில் இருந்துகொண்டு காரை நேசிப்பது சுலபம். இங்கே அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும், துணி மாற்றுவதும், அவள் வீசுகிற பந்தைத் தெருவில் போய்ப் பொறுக்குவதும் நான். நேற்று அவளை இடது காலை நீட்டச் சொன்னேன், முழங்கால் பாதிக்கு மேல் நீளவில்லை. "வலிக்குதா?" என்றேன். "கார் என்னாச்சு?" என்றாள்.

அந்தப் பழைய கார்க்காரர் மறுபடி வந்தார். ஓடாவிட்டால் பரவாயில்லை, பிரித்துப் பாகங்களாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓடாத காரைக் காட்டிக் காட்டி அம்மாவைக் கட்டிலிலேயே வைத்திருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அது ஒரேயடியாகப் போய்விட்டால் வேறு எதற்காவது எழுந்திருப்பாளோ என்னவோ. உன்னால் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. திட்ட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

முடியவில்லை என்று எழுத மாட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளை வாசலோடு நிறுத்து.

நீ பஸ்ஸில் போவது தெரியும். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்கு ஓட்டப் பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது அற்பம் இல்லை.

இனி நான் உன்னைத் திட்டப் போகிறேன். தயாராக உட்கார்ந்துகொள்.

ஷெட்டில் தரைக்குப் புதிதாக சிமெண்டு பூசியிருந்தார்கள். இருபத்தெட்டைத் தேடித் தேடி மண்டை காய்ந்து போய், உன் பிளாஸ்டரை அந்த ஈர சிமெண்டில் சும்மா உருட்டினேன். பல் அச்சு வரிசையாக விழுந்தது, கோடு போட்டதுபோல ஒரே இடைவெளியில். ஓரிடத்தில் மட்டும் இரண்டு அச்சு தடியாக, தள்ளித் தள்ளி. மற்றதெல்லாம் முன்பல் என்றால் இது இரண்டும் கடவாய்ப் பல்! இன்னொரு தடவை உருட்டினேன். அதே இடம், அதே இரண்டு குண்டர்கள். காம்பஸ் வைத்து அளந்தேன். அந்த இடத்தில் இரண்டு பல் அல்ல, மூன்று பல் இருக்கவேண்டும்.

உண்மையைச் சொல். எத்தனை உடைந்திருந்தது, நீ எத்தனை கட்டினாய்? "கொஞ்சம் லட்சணமாக்கி" என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லாத ஒரு சக்கரத்தைத் தேடி ஊரிலுள்ள இரும்புக் கடையெல்லாம் ஏறி இறங்கி அவமானப்பட்டிருக்கிறேன். அதில் ஒருவர் என்னைக் கண்டாலே, "என்ன, பல்லு கிடைச்சுதா?" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்துகிறார்.

இருபத்தொன்பது என்றால் அதுவும் புத்தகத்தில் இந்த மாடலுக்கு இல்லை. யாரோ எப்போதோ வேறு வண்டியின் சக்கரத்தை மாட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். பக்குவமாகக் கேட்டுப் பார்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன். ஆமாம், கட்டினேன். உடைந்த இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அளவெடுப்பதற்கு முன்னால் சக்கரத்தின்மேலேயே மெழுகில் பல் கட்டி, சீவி, வழவழப்பாக்கினேன். இடைவெளியைப் பார்த்தேன், இரண்டு தாராளமாக உட்காரும் என்று தோன்றியது. என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு பல் குறைந்தாலும் சோறு இறங்கும். கியருக்கு அப்படி இல்லை என்று யார் கண்டார்கள்?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். "அம்மா, இந்தச் சக்கரத்துல மொத்தம் எத்தனை பல்லு?" என்றேன்.

சக்கரம் அவள் இடது கையில் இருந்தது. விரலால் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "இருபத்தொம்பது" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் எண்றேன். உடைஞ்சாலும் வேர் இருக்கே, விரல்ல தட்டுதே. நீ கட்டின மெழுகை அன்னிக்கே பிச்சுப் போட்டுட்டேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"யாரு கேட்டீங்க?"

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, குழறிக் குழறி, எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனி போட்ட இரண்டாவது கியர் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சரிப்பட்டு வரவில்லையாம். மெதுவாகப் போனால் வண்டி அணைந்துவிடுமாம். அதே கம்பெனி சரக்கு ஏற்றும் சின்ன வேன் ஒன்று செய்தது, அதன் இரண்டாவது கியருக்கு நிதானம் அதிகம். அந்த வேனின் சக்கரத்தை ஜோடியோடு வாங்கி இதில் மாட்டச் சொல்லியிருக்கிறாள். எப்போது என்று நினைக்கிறாய்? நான் சந்தைத் தெருவில் இறங்கி நடந்த அந்த வாரம். "நீ திரும்பி வந்து உக்காருவேன்னு மாத்தினேன். நீ வரல" என்றாள்.  தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தால் அம்மா உட்கார்ந்திருந்தாள். யாரும் தூக்கவில்லை, தானே. இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் எனக்காகத்தான் சண்டை போட்டீங்க. விக்கலாமான்னு நீ என்கிட்ட கேக்கல. விக்கக் கூடாதான்னு அவனும் என்கிட்ட கேக்கல. எனக்கு வாய்தான் கோணியிருக்கு. காது நல்லாத்தான் இருக்கு."

நானும் நீயும் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டியதுதான். என் பங்கைப் போட்டாயிற்று, உன் பங்கை அங்கே போட்டுக்கொள்.

பழைய கார்க்காரர் நேற்றே வந்து நின்றார். சொந்தக்காரியைத்தான் கேட்கவேண்டும் என்று அறைக்கே கூட்டிப் போனேன். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கு செகண்ட் போடும்போது நீங்க கிளட்சை முழுசா அமுக்கல. சத்தத்துலயே தெரிஞ்சுது" என்றாள். அவர் அசடு வழிந்துகொண்டு போனார். திரும்பி வருவார் என்று தோன்றவில்லை.

இன்னொரு சங்கதி. பயிற்சிக்காரப் பெண் அம்மாவின் இடது கையைப் பிடித்துப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். பிடிப்பு வந்திருக்கிறதாம். பந்தை வீசியவள் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வேன் சக்கரத்தைத் தேடு. ஜோடியாக.

அக்கா


மே 3

அக்கா,

கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

அந்த வேன்கள் இப்போது எங்கேயும் ஓடுவதில்லை. எங்கள் லாரி டிரைவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். உன்னிடம் பல் செட் கேட்டாரே, அவர்தான் வந்து சொன்னார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தையல் கடை இருக்கிறதாம், சக்கரமில்லாத பழைய வேனுக்குள். போய்ப் பார்த்தேன். செங்கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு மிஷின், துணி மூட்டை, ஒரு மேஜை விசிறி, அப்புறம் தையல்காரம்மா.

"உங்க கடைக்கு அடியில கொஞ்சம் படுத்துப் பாக்கலாமா?" என்றேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். விஷயத்தை விளக்கியதும், "அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. மேல என் மிஷின் இருக்கு, அது ஆடக்கூடாது" என்றார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த துணியைத் தைத்து முடித்தார். அப்புறம், ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், கடையைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள், தள்ள இதற்குச் சக்கரம் இல்லை என்றார். "நீங்க இதை நகர்த்திக் குடுங்க, அடியில இருக்கறதை எடுத்துக்குங்க."

ஷெட்டில் கழித்துப் போட்ட நாலு சக்கரத்தை மாட்டி, நாங்கள் ஆறு பேர் தள்ளினோம். அவர் இறங்கவில்லை. பாவாடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டே போனார். இடம் சேர்ந்ததும் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "தையல் கோணலாப் போச்சு" என்று என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கியர்பாக்ஸுக்கு வெளியே முழுக்கத் துரு.  திறந்தால் உள்ளே பழைய எண்ணெய் கெட்டியாகக் கிடந்தது. அதுதான் காப்பாற்றியிருக்கிறது. ஜோடியும் அப்படியே இருக்கிறது, ஒரு பல்கூடச் சிதையவில்லை. எண்ணினேன். சந்தேகம் தீராமல் மேஸ்திரியை எண்ணச் சொன்னேன். இருபத்தொன்பது, யாரும் மெழுகில் கட்டாத இருபத்தொன்பது. அந்த இரும்புக் கடைக்காரர் வழியில் போகும்போது நானே கூப்பிட்டு, "பல்லு கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன்.

பார்சலில் அனுப்பட்டுமா? நானே கொண்டுவரலாம் என்றால், அன்றைக்கு இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனேன். இனி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று. உனக்கு மறந்திருக்காது.

தம்பி


மே 9

தம்பி,

மறக்கவில்லை. ஆனால் கொட்டகைக்குப் பின்பக்கம் தனி வழி இருக்கிறது. அதை நீ அன்றைக்குச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குக் கால் பயிற்சி நடக்கும்போது படித்தேன்; இப்போதெல்லாம் அதற்கு இடம் கொடுக்கிறாள், முழங்கால் முக்கால்வாசி நீள்கிறது. தையல்காரம்மா இறங்காமல் தைத்த இடத்தில், "சரியான பொம்பளை" என்றாள். பார்சல் என்ற இடத்தில் முகம் மாறிவிட்டது. "பார்சல்ல வந்தா நான் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன். கொண்டுவர்ற ஆளோட வரட்டும்."

இத்தனை நாளும் அம்மா மறுபடி ஓட்டத்தான் ஆசைப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அதை எப்படி மறுப்பது என்று உள்ளுக்குள் பயந்தேன், டாக்டர் விடமாட்டார், விடவும் கூடாது. இந்தத் தடவை புத்தி வந்து வாயைத் திறந்து கேட்டேன். "கார் சரியானா நீ ஓட்டணுமாம்மா?"

"நான் எதுக்கு ஓட்டணும்? எனக்கு இடது பக்க சீட்டு போதும். கத்துக்குடுக்கறவங்களுக்குன்னு பிரேக் அங்க ஒண்ணு இருக்கு, என் வலது கால் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ ஓட்டறது யாரு?"

என்னைப் பார்த்தாள். தம்பி, நான் எத்தனையோ பேரை நாற்காலியில் சாய்த்து, 'ஒன்றும் பயமில்லை' என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுத்தேன். ஒருத்தி மட்டும் பாதியில இறங்கிப் போயிட்டா" என்றாள். அதட்டலே இல்லை. குழறல்தான் இருந்தது.

சரி என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று நினைக்காதே, ஆசைப்பட்டுத்தான் சொன்னேன். ஆனால் பின்சீட்டில் ஆள் இல்லாமல் எனக்குத் தைரியம் வராது. நீ என்னோடு பேசவேண்டாம். பின்னால் உட்கார்ந்தால் போதும். வா.

அக்கா


மே 13

அக்கா,

சனிக்கிழமை காலை வருகிறேன். கொட்டகை வழியாக. லீவு சொல்லியாயிற்று. ஜோடியை ஒரு பழைய சட்டையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன், பஸ்ஸில் மேலே போட மாட்டேன். கண்ணாடிக்காரரை இருக்கச் சொல். எண்ணெய் வாங்கி வைக்கச் சொல்.

பேசுவதைப் பற்றி நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி


மே 27

தம்பி,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? போனிலேயே கேட்டிருக்கலாம், இப்போதுதான் என் நம்பரைத் திறந்துவிட்டாயே. ஆனால் கடிதம் பழகிவிட்டது. சில விஷயங்கள் எழுதினால்தான் வரும்.

வந்தது கொட்டகை வழியாக, போனது வாசல் வழியாக. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை, எழுதித்தான் காட்டுகிறேன். நீ ஜோடியை மாட்டிக் காரை வாசலுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மா ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் உன் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தாளே, வாசல்படியில் உன் தோளை விட்டுவிட்டாள், கவனித்தாயா? நான் கவனித்தேன். கடைசி நாலு எட்டு அவளே வைத்தாள். கார் கதவைத் தொட்டதும் அவள் முகம் போன போக்கை நான் யாரிடமும் விவரிக்கப் போவதில்லை. நீ பார்த்தாய், போதும்.

அன்றைக்கு நான் வண்டியை அணைத்து அணைத்து நிறுத்தியபோது பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கண்ணாடியில் தெரிந்தது. பரவாயில்லை, அந்தக் கணக்கு இருக்கட்டும்.

நீ போனபிறகும் நாங்கள் விடவில்லை. கிடங்குக்குப் பின்னால் அந்தக் காலி மைதானத்துக்குத் தினமும் போகிறோம். அதுவரை கண்ணாடிக்காரர் ஓட்டி வந்து இறங்கிக்கொள்வார். அம்மா இடது பக்கம், மடியில் அந்த உடைந்த சக்கரம். புதிய ஜோடி வந்தபிறகும் அதைத் தூக்கிப் போட விடவில்லை. வண்டியில் ஏறியதும் இடது கை அதை உருட்ட ஆரம்பித்துவிடுகிறது. அவளுக்கு அது தெரிகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கியருக்குப் பக்கத்தில் போகவே எனக்குத் தைரியமில்லை. முதல் கியரிலேயே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், செக்கு மாடு மாதிரி.  முன்பெல்லாம் சந்தைத் தெருவே அதிரக் கத்துவாளே, அந்த அம்மா ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கத்தமாட்டாளா என்று எனக்கே ஏக்கமாகிவிட்டது.

இன்றைக்குக் காலையில் நானாகக் கிளட்சை அமுக்கினேன், முழுசாக. லீவரைக் கீழே இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. தையல்காரம்மாவின் வேனும், ஆறு பேர் தள்ளியதும், உன் சாப்பாட்டு டப்பாவும் எல்லாம் சேர்ந்து உள்ளே எங்கோ வெண்ணெய் மாதிரி விழுந்தது. வண்டி அணையவில்லை. நிதானமாகப் போனது. எனக்காக மாற்றி வைத்த கியர் அது, தம்பி. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அதில் ஓட்டினேன். கண் மறைத்தது, துடைக்கக் கையை எடுக்கவும் பயம்.

அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். சபாஷ் என்றோ, பார்த்தாயா என்றோ. அந்தச் சபாஷை வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவளே போனை எடுத்து உன்னிடம்தான் சொல்லப் போகிறாளாம், என்னிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவள் மரத்திலிருந்து கண்ணை எடுத்து, ஒரு வார்த்தைகூடக் குழறாமல், தெரு முனை வரைக்கும் கேட்கும் அந்தப் பழைய குரலில் அதட்டினாள்:

"என்னடி அங்கயே நின்னுட்ட? மூணாவது போடு!"

அக்கா